விழுங்கியது களத்தில் (உணவுக்குழாயில்) சிக்கினால்: மீன்முள், பற்றரி, கட்டுப்பல். எதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

#1 மூதூர்க்கரை

வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியா, புல்மோட்டைப் பக்கக் கரையோரக் கிராமங்களுக்கான முதலுதவிக் கையேடு ஒன்று தயாராகிறது. "விழுங்கியது சிக்கிக்கொண்டால்" என்ற பகுதியில் வேலை நிற்கிறது. சூடை, கீரி, முரல், ஒட்டி என்று முள்ளுள்ள மீன் நாளாந்தம் சட்டியில் கிடக்கிற ஊர்கள் இவை. முள் குத்தினால் வீட்டுக்கு வீடு வைத்தியம் ஒன்றுதான்: சோற்றை உருண்டையாகப் பிடித்து மெல்லாமல் விழுங்கு, இல்லையென்றால் கதலிப்பழம். "செய்யாதீர்கள்" என்று ஒரு வரி எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஏன் கூடாது என்று எழுதவேண்டும்.

இன்னொன்று, "குழாய் விட்டு எடுப்பார்கள்" என்றதும் ஆட்கள் பயந்து ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போடுகிறார்கள். உள்ளே என்ன செய்கிறார்கள், எந்தப் பொருளுக்கு எவ்வளவு அவகாசம் என்று துறை தெரிந்தவர்கள் விளக்கினால் நன்று.

#2 தொண்டைவெளிச்சம்

அக்கா, சோற்றுருண்டையில் இருந்தே தொடங்குவோம்.

மீன்முள்ளில் பெரும்பாலானவை களம் வரைக்கும் போவதே இல்லை. உள்நாக்குப் பக்கத்து தொன்சில், நாக்கின் அடி, நாக்கடிக்கும் குரல்வளை மூடிக்கும் இடையிலுள்ள பள்ளம், குரல்வளைக்கு இரு பக்கத்திலும் உள்ள குழிகள், இந்த இடங்களில்தான் குத்தி நிற்கும். தொன்சிலில் குத்திய முள்ளை நெற்றி விளக்கு, நாக்கை அமர்த்தும் தகடு, வளைந்த ஃபோர்செப்ஸ் (இடுக்கி) மூன்றையும் வைத்து, உட்கார்ந்த நிலையிலேயே சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். நாக்கடியில் என்றால் 3 அல்லது 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள வளையும் குழாயை மூக்கு வழியாக விட்டுப் பார்த்து எடுப்போம்.

அந்த முள்ளின் மேல் சோற்றுருண்டையைத் தள்ளினால் மூன்று விதமாகக் கெடும். வெளியே தெரிந்துகொண்டிருந்த முனை சதைக்குள் புதைந்துவிடும், பிறகு கண்ணுக்குப் படாது. அல்லது முள் அங்கிருந்து கழன்று களத்தின் வாசலுக்குக் கீழே போய்க் குறுக்கே மாட்டும். உட்கார்ந்தபடி எடுத்திருக்கக்கூடிய முள் அதன் பிறகு மயக்க மருந்து கேட்கும். மூன்றாவது, வயிறு நிறைந்துவிடும். நிறைந்த வயிற்றோடு மயக்கம் கொடுப்பது வேறு ஒரு ஆபத்து.

"விழுங்கினோம், போய்விட்டதே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு முள் முன்னமே இறங்கியிருக்கும், உறுத்தியது கீறல் மட்டும். தொண்டைக் கீறல் ஒரு நாள் வரைக்கும் முள் இருப்பதுபோலவே உறுத்தும்.

தேசிக்காய்ச் சாறு, வினாகிரியும் இதே கதை. அமிலத்தில் ஊறப்போட்டால் எலும்பு மெதுவாக இளகும் என்பது உண்மை. அதற்கு மணிக்கணக்கு வேண்டும். குடிக்கிற சாறு முள்ளைத் தொடுவது ஒரு நொடி. விரலை விட்டுத் தேடுவதும் வேண்டாம். வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம்.

#3 தம்பலகாமம்

டொக்டர் சொல்வது சரி. ஆனால் கிராமத்து ஓபிடியில் இருந்து பார்த்தால் ஒரு கேள்வி. முள் குத்தின எல்லாரும் இராத்திரி பதினொரு மணிக்கு ஓட்டோ பிடித்துத் திருகோணமலைக்கு வரவேண்டுமா? மூதூரில், கிண்ணியாவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அங்கே வாயைத் திறந்து பார்த்தாலே பாதி முடிந்துவிடும். யார் உடனே போகவேண்டும், யார் விடியும்வரை இருக்கலாம் என்று பிரித்து எழுதாவிட்டால் கையேடு பயன்படாது.

#4 தொண்டைவெளிச்சம்

நல்ல கேள்வி. இரண்டு மிடறு பச்சைத்தண்ணீர் குடித்துப் பார்க்கலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறது, எச்சில் விழுங்க முடிகிறது, இலேசான உறுத்தல் மட்டும் என்றால் விடியும்வரை இருக்கலாம். ஒரு நாள் கழிந்தும் ஒவ்வொரு விழுங்கலிலும் அதே இடத்தில் குத்தினால் காட்டத்தான் வேண்டும்.

எச்சிலை விழுங்க முடியாமல் வடியவிட்டால், நெஞ்சில் அல்லது முதுகில் வலித்தால், கழுத்து வீங்கினால், தொடும்போது தோலுக்கடியில் நொறுநொறுவென்று காற்று தட்டுப்பட்டால், இரத்தம் வந்தால், காய்ச்சல் தொடங்கினால் உடனே கிளம்பவேண்டும். மூச்சில் இழுப்புச் சத்தம் கேட்டால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு கைகொடுக்கும். குரல்வளை மேட்டுக்கு மேலே, இடமோ வலமோ என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டினால் முள் அநேகமாக அந்த இடத்தில்தான். அதற்குக் கீழே, நடுவில், "இங்கே எங்கேயோ" என்று உள்ளங்கையால் தடவிக் காட்டினால் அந்தச் சுட்டுதலை நம்பமுடியாது. களத்துக்குள் இடம் அறியும் உணர்வு மங்கல்.

#5 குடல்நோக்கி

களத்துக்குள் இறங்கிய பொருளைப் பற்றி நான் எழுதுகிறேன்.

களம் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமான தசைக்குழாய். நான்கு இடத்தில் ஒடுங்கும். முன்பல்லில் இருந்து அளந்தால் வாசல் சுமார் 15 செ.மீ. இல், பெருநாடி வளைவு அழுத்தும் இடம் 22 முதல் 25 வரை, இடது மூச்சுக்கிளை குறுக்கிடும் இடம் 27 அளவில், உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பைக்குள் நுழையும் இடம் 40 அளவில். பொருட்கள் மாட்டுவது அநேகமாக இந்த இடங்களில். இரண்டாவது இடத்தில் கூரான முள் மாட்டினால் சுவருக்கு அந்தப் பக்கம் உடம்பின் மிகப் பெரிய நாடி ஓடுகிறது என்பதை மறக்கக்கூடாது.

விழுங்கிய பொருட்களில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை தாமாகவே கழிந்துபோகும். 10 முதல் 20 வரைக்கு எண்டோஸ்கோபி, அதாவது கமரா உள்ள வளையும் குழாயை (ஸ்கோப்பை) வாய் வழியாக விட்டு எடுப்பது, தேவைப்படும், சத்திரசிகிச்சை ஒன்றுக்கும் குறைவு. ஆனால் இந்தக் கணக்கு இரைப்பையைத் தாண்டியவற்றையும் சேர்த்தது. களத்தில் நின்றுவிட்ட பொருளுக்கு இதைச் சொல்லி ஆறுதல்படக்கூடாது.

ஐரோப்பிய இரைப்பை குடல் எண்டோஸ்கோபிச் சங்கம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டியைத்தான் நேரத்துக்குப் பலரும் பின்பற்றுகிறார்கள். களத்தில் பற்றரி, களத்தில் கூரான பொருள், எச்சில்கூட இறங்காத முழு அடைப்பு, இந்த மூன்றுக்கும் முடிந்தால் 2 மணித்தியாலத்துக்குள், எப்படியும் 6 மணித்தியாலத்துக்குள். களத்தில் சிக்கிய மற்ற எதுவும் 24 மணித்தியாலத்துக்குள். அதற்கு மேல் கிடக்கவிட்டால் சுவர் அழுந்திப் புண்ணாகி, கிழியும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே மூதூர்க்கரை அக்கா, கையேட்டில் முதல் கேள்வி "எங்கே வலிக்கிறது" என்று இருக்கக்கூடாது. "என்ன விழுங்கினார், எத்தனை மணிக்கு" என்று இருக்கவேண்டும்.

#6 கதிர்ப்படம்

எக்ஸ்ரேயில் தெரியவில்லை, ஆகவே முள் இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவது பெரிய தவறு. மீன்முள்ளில் கல்சியம் குறைவு. மெல்லிய முள் கழுத்துத் தசையின் நிழலோடு கலந்து மறைந்துவிடும். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பில் படிகிற சுண்ணாம்பு, முள் போலவே கோடாகத் தெரிந்து ஏமாற்றும். பக்கவாட்டுக் கழுத்துப் படத்தில் முள்ளைவிட நான் தேடுவது வேறு: முதுகெலும்புக்கு முன்னால் சதை தடித்திருக்கிறதா, அதற்குள் காற்றுக் கோடு இருக்கிறதா என்று.

சந்தேகம் தீரவில்லையென்றால் மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கான், ஒரு மில்லிமீற்றர் அளவு மெல்லிய வெட்டுகளாக. முள்ளின் நீளம், கிடக்கும் கோணம், எந்த முனை சுவரைத் தாண்டியது, நாடிக்கு எவ்வளவு கிட்ட என்பதெல்லாம் தெரியும். பெருநாடி வளைவுக்கு அருகில் என்றால் நாடிக்கு மருந்து ஏற்றி இன்னொரு முறை எடுத்துப் பார்க்காமல் முள்ளில் கை வைக்கக்கூடாது.

எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியக் களியைக் குடிக்கக் கொடுத்துப் படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். வெள்ளைக் களி முழுப் பொருளையும் மூடிவிடும், எண்டோஸ்கோபிக்காரருக்கு ஒன்றும் தெரியாது. முழு அடைப்பில் அது நுரையீரலுக்கும் போகலாம். பஞ்சை பேரியத்தில் நனைத்து விழுங்கவைக்கும் பழைய முறையும் அப்படித்தான்.

முரல் முள் பச்சையாக இருப்பதால் நஞ்சு என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பித்தத்தில் வருகிற பச்சை நிறமிதான், நஞ்சில்லை. படத்தில் அதற்கென்று தனி நிறமும் விழாது.

#7 எண்டோதாதி

ஆள் வருமுன் தட்டில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்கிறேன். பாதித் தோல்வி இங்கேதான் தொடங்குகிறது.

எலிப்பல் ஃபோர்செப்ஸ், முதலைவாய் ஃபோர்செப்ஸ், ஸ்னேர் என்ற சுருக்குக் கம்பி வளையம், கூடை, வலைப்பை, மூன்று கால் பிடி. ஸ்கோப் முனையில் மாட்டும் ஒளிபுகும் கெப் இரண்டு அளவில். ஸ்கோப்புக்கு மேலால் போடும் உறைக்குழாயான ஓவர்ட்யூப் ஒன்று. இரைப்பையில் இருந்து கூரான பொருளை மேலே கொண்டுவர இறப்பர் மணிமூடி. ஃபோர்செப்ஸ், வலை போன்றவற்றை ஸ்கோப்பின் சாதனத் துளைக்குள் ஒரு முறை விட்டு, திறந்து மூடிப் பார்த்துவிட வேண்டும். இரைப்பை வரை பார்க்கும் சாதாரண ஸ்கோப்பின் (கஸ்ட்ரோஸ்கோப்) துளை 2.8 மில்லிமீற்றர். குழந்தைக்கான மெல்லிய ஸ்கோப்பில் 2 மில்லிமீற்றர்தான். வலையும் பெரிய ஃபோர்செப்ஸும் அதற்குள் போகாது. உள்ளே இறங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் நேரம் வீணாகும்.

அதைவிட முக்கியம் ஒத்திகை. விழுங்கியது போன்ற இன்னொரு பொருளைக் கேட்டு வாங்கி, ஸ்கோப்பை வெளியே வைத்தே பிடித்துப் பார்க்கவேண்டும். வழவழப்பான நாணயத்தில் சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கும் சாதாரண பயொப்சி ஃபோர்செப்ஸ் வழுக்கும். எலிப்பல் அதன் விளிம்பைக் கவ்வும், வலை அதை முழுதாக அள்ளும். உருண்டையான பொருளுக்கு ஃபோர்செப்ஸ் வேண்டவே வேண்டாம், வலை அல்லது கூடை. மணிமூடி இல்லாத இடத்தில் லேற்றெக்ஸ் கையுறையின் விரல் நுனியை வெட்டி ஸ்கோப் முனையில் கட்டியும் செய்கிறார்கள்.

#8 குடல்நோக்கி

மிஸ் சொன்ன ஒத்திகையை அடிக்கோடிடுகிறேன். இனி, களத்தில் குறுக்கே மாட்டிய 2 அல்லது 3 செ.மீ. முள்ளை எடுக்கிற முறை.

முதலில் மேலே தேங்கிய எச்சிலை உறிஞ்சி எடுக்கவேண்டும். முனையில் கெப் போட்ட ஸ்கோப்பை வாசலில் இருந்தே கண்ணால் பார்த்தபடி மெதுவாக இறக்கவேண்டும். வாசல் ஒடுக்கத்தைக் கண்மூடித்தனமாகத் தள்ளித் தாண்டினால் அங்கேயே இருக்கிற முள்ளை நாமே உள்ளே அழுத்திவிடுவோம். முள் கண்ணுக்குப் பட்டதும் இழுக்கக்கூடாது. இரண்டு முனையும் எங்கே, எது ஆழம் என்று பார்க்கவேண்டும். காற்றைக் கொஞ்சம் செலுத்திக் களத்தை விரித்தால் சில நேரம் ஒரு முனை தானாகவே கழன்றுவிடும். காபனீரொட்சைட்டு செலுத்தும் வசதி இருந்தால் இன்னும் நல்லது; சுவரில் துளை இருந்தால் அது சீக்கிரம் உறிஞ்சப்படும்.

ஆழம் குறைந்த முனையை முதலில் விடுவிக்கவேண்டும், முனைக்குப் பக்கத்தில் பிடித்து, குத்திய திசைக்கு எதிர்த்திசையில். நடுவில் பிடித்து இழுத்தால் முள் வில்லாக வளைந்து இரண்டு முனையும் இன்னும் ஆழப் போகும், அல்லது உடைந்து ஒரு துண்டு சுவருக்குள் தங்கும். ஒரு முனை கழன்றதும் முள்ளைக் களத்தின் நீளவாக்குக்குத் திருப்பி, கெப்புக்குள் இழுத்து, ஸ்கோப்போடு சேர்த்து மொத்தமாக வெளியே எடுக்கவேண்டும். துளை வழியாக முள்ளை இழுக்க முயலக்கூடாது.

கூரான எல்லாவற்றுக்கும் விதி ஒன்றுதான்: முன்னால் போகிற கூர் துளைக்கும், பின்னால் இழுபடுகிற கூர் துளைக்காது. திறந்த ஊசிப்பின்னின் வாய் மேல்நோக்கி இருந்தால் அப்படியே இழுக்கக்கூடாது. இரைப்பைக்குள் மெல்ல இறக்கி, அங்கே உள்ள இடத்தில் திருப்பி, சுருள் பக்கத்தைப் பிடித்துக் கொண்டுவரவேண்டும். இந்த வேலைக்கு முறை வகுத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் செவாலியே ஜாக்சன். நோயாளிகளின் களத்தில் இருந்தும் மூச்சுக்குழாயில் இருந்தும் அவர் சேர்த்த 2,374 பொருட்கள் பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன.

எடுத்த பிறகு ஸ்கோப்பை மறுபடி இறக்கிப் பார்க்காமல் முடிக்கக்கூடாது. இரண்டாவது முள், கிழிசல், கீழே ஏற்கனவே இருந்த ஒடுக்கம், மூன்றையும் அப்போதுதான் காண்போம்.

#9 மயக்கமருந்து

தொண்டையை மரக்கவைக்கும் லிக்னோகேயின் ஸ்பிரே, இலேசான தூக்க மருந்து, இடப்பக்கம் சரிந்த படுக்கை. அமைதியாக ஒத்துழைக்கிற பெரியவரின் சின்ன முள்ளுக்கு இது போதும். குழந்தைகள், முழு அடைப்பு, பற்றரி, பெரிய கூரான பொருள், வாசலில் மாட்டிய கட்டுப்பல் என்றால் முழு மயக்கமும் மூச்சுக்குழாய்க்குள் குழாயும் வேண்டும். எடுக்கிறபோது பொருள் ஃபோர்செப்ஸில் இருந்து நழுவினால் விழுகிற இடம் குரல்வளை வாசல். குழாய் போட்டிருந்தால் அந்த வழி மூடியிருக்கும்.

வயிறு நிறைந்தவருக்கு மயக்கம் கொடுக்கும்போது கழுத்தின் முன்பக்க வளையக் குருத்தெலும்பை அமர்த்துவது பழைய வழக்கம். வாசலில் கூரான பொருள் இருந்தால் அதைச் செய்யக்கூடாது. நம் விரலே முள்ளைச் சுவருக்குள் ஏற்றிவிடும்.

கையேட்டுக்கு ஒரு வரி: முழு நோன்பு. சிக்கியது தெரிந்த நிமிடத்தில் இருந்து தேத்தண்ணீரும் வேண்டாம். கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று எழுதிக்கொண்டு வரட்டும். பற்றரியில் மட்டும் இந்த விதியில் ஒரு விலக்கு உண்டு, அதை யாராவது விரிவாக எழுதுங்கள்.

#10 தம்பலகாமம்

பற்றரிக்குப் போகுமுன் இறைச்சி. பெருநாள் காலத்தில் மாட்டிறைச்சித் துண்டு நெஞ்சில் நின்றுவிட்டது என்று வருகிறவர்கள் அதிகம். கோலா குடி, பப்பாசிக்காய்ச் சாறு குடி என்கிறார்கள். களத்தின் தசையைத் தளர்த்தும் குளுக்ககொன் ஊசியும் சிலர் போடுகிறார்கள். எது பலிக்கும்?

#11 குடல்நோக்கி

பப்பாசி கூடவே கூடாது. கறியை மென்மையாக்குகிற அதே நொதி களச் சுவரையும் கரைக்கும். இறைச்சியை மென்மையாக்கும் தூள் கொடுத்துக் களம் துளைத்து இறந்தவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். கோலாவை நெதர்லாந்தில் ஒழுங்காகச் சோதித்து 2023 இல் வெளியிட்டார்கள்: குடித்தவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. எச்சில்கூட இறங்காதவருக்கு அதைக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போகும். குளுக்ககொன் 1 மில்லிகிராம் நாளத்தில் போடலாம், பலன் உறுதியில்லை, வாந்தி வரும். அதற்காக எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடக்கூடாது.

எலும்பில்லாத இறைச்சியை ஸ்கோப்பால் இரைப்பைக்குத் தள்ளலாம், பெரும்பாலும் பலிக்கும். நிபந்தனை: முடிந்தால் துண்டைச் சுற்றிப் போய்க் கீழே என்ன என்று பார்த்த பிறகு, காற்றால் விரித்து, நடுவில் மென்மையாக. தடை தெரிந்தால் நிறுத்தி, ஸ்னேரால் துண்டாக்கி வலையில் எடுக்கவேண்டும். எலும்புத் துண்டு இருக்கக்கூடும் என்றால் தள்ளவே கூடாது.

இறைச்சி நின்ற பெரியவரின் களம் அநேகமாக ஏற்கனவே நோய்ப்பட்டது: அமிலப் புண்ணால் வந்த ஒடுக்கம், அடியில் ஒரு வளையம், ஒவ்வாமை வகை அழற்சி, சிலருக்குப் புற்று. அன்றோ பிறகோ பயொப்சி எடுக்காமல் "இறைச்சி போய்விட்டது" என்று அனுப்பினால் அடுத்த பெருநாளுக்கும் வருவார்.

#12 தொண்டைவெளிச்சம்

#8 இல் ஒரு திருத்தம். வாசலிலேயே, 15 செ.மீ. அளவில் மாட்டிய பொருளுக்கு வளையும் ஸ்கோப் எப்போதும் சிறந்ததல்ல. அந்த இடத்தில் காற்று நிற்காது, களம் விரியாது, காட்சி ஒரு நொடி தெரிந்து மூடிக்கொள்ளும். விறைப்பான குழாய் வாசலைத் திறந்து பிடித்துக்கொள்ளும். பெரிய ஃபோர்செப்ஸ் உள்ளே போகும். கம்பிக் கொக்கியுள்ள கட்டுப்பல்லைக் குழாய்க்குள்ளேயே இழுத்துவிடலாம்.

#13 குடல்நோக்கி

ஏற்றுக்கொள்கிறேன், வாசல் உங்களுடையது. ஆனால் விறைப்பான குழாய்க்கு முழு மயக்கம் கட்டாயம், கழுத்து பின்னால் சாயவேண்டும். கழுத்தெலும்பு தேய்ந்த முதியவருக்கு அது கடினம். பெருநாடி வளைவுக்குக் கீழே வளையும் ஸ்கோப்தான் பாதுகாப்பு. ஒருவர் முயன்று பலிக்காமல் அரை மணித்தியாலம் போராடிய பிறகு மற்றவரைக் கூப்பிடுவதில்தான் கிழிசல் வருகிறது. தொடங்குமுன்பே இருவரும் பேசிக்கொண்டால் நல்லது.

#14 எண்டோதாதி

பற்றரியைப் பற்றி நான் எழுதுகிறேன். இந்த இழையில் ஒரே ஒரு பதிவைத்தான் கையேட்டில் எடுப்பீர்கள் என்றால் இதை எடுங்கள்.

ஆபத்தானது வட்டமான 20 மில்லிமீற்றர் லிதியம் பற்றரி. உதாரணம் CR2032: 20 என்பது விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. கார்ச் சாவி, எடை மெஷின், சின்ன ரிமோட், விளக்கு மினுங்கும் விளையாட்டுச் சாமான், பாட்டுப் பாடும் வாழ்த்து மட்டை, எல்லாவற்றிலும் இருக்கிறது. சின்னக் குழந்தையின் களத்தில் அது சரியாகப் பொருந்தி நிற்கும் அளவு. ஒரு பக்கமும் மறுபக்கமும் ஈரச் சுவரைத் தொட்டதும் 3 வோல்ட் மின்னோட்டம் ஓடும். எதிர்முனைப் பக்கத்தில் காரம் உருவாகிச் சுவரை வேகவைக்கும். பற்றரி வெடிக்கவோ ஒழுகவோ தேவையில்லை. 2 மணித்தியாலத்தில் ஆழமான புண். ரிமோட்டை இயக்காத "செத்த" பற்றரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

குழந்தை விழுங்கியதை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். எச்சில் வடிதல், பால் மறுத்தல், இருமல், வாந்தி, இவ்வளவுதான் தெரியும். காய்ச்சல் தடிமன் என்று பாணி மருந்து வாங்கிக் கொடுப்பதற்குள் நேரம் போய்விடும். வீட்டில் பற்றரி மூடி திறந்த பொருள் கிடந்தால் எக்ஸ்ரே கேளுங்கள்.

மேலே கேட்ட விலக்கு இதுதான்: ஒரு வயதைத் தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணித்தியாலத்துக்குள், விழுங்க முடிகிறது என்றால், வைத்தியசாலைக்குப் போகிற வழியில் தேன் 10 மில்லிலீற்றர், அதாவது இரண்டு தேக்கரண்டி, 10 நிமிடத்துக்கு ஒரு தடவை, 6 தடவைக்கு மேல் போகாமல். தேன் பற்றரியைச் சுற்றிப் படிந்து காரத்தை ஓரளவு தணிக்கும். தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தைத் தொலைக்கக்கூடாது, வீட்டில் இருந்தால் மட்டும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கூடாது. நெஞ்சுவலி, காய்ச்சல் என்று சுவர் கிழிந்த அறிகுறி இருந்தாலும் கொடுக்கக்கூடாது.

#15 கதிர்ப்படம்

படத்தில் நாணயத்தையும் பற்றரியையும் மாற்றிப் படித்துவிடக்கூடாது. நேர்ப்படத்தில் பற்றரிக்கு விளிம்புக்குள் இன்னொரு வளையம் தெரியும். பக்கவாட்டில் ஒரு படி, ஒரு பக்கம் சற்று ஒடுங்கி. ஒடுங்கிய பக்கம்தான் எதிர்முனை, புண் அந்தத் திசையில்தான் ஆழம். அது முன்னால் பார்த்தால் மூச்சுக்குழாய்க்கு ஆபத்து, பின்னால் பார்த்தால் முதுகெலும்புக்கு. பெரிதாக்கி, இரண்டு கோணத்திலும் பாருங்கள். நாணயத்துக்கு விளிம்பு ஒன்றுதான்.

#16 குடல்நோக்கி

பற்றரியை எடுத்ததும் சுவரில் துளை தெரியாவிட்டால் 0.25 சதவீத அசெற்றிக் அமிலக் கரைசலை 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை விட்டுக் கழுவி உறிஞ்சுவது உண்டு, மிச்சக் காரத்தை முறிக்க. ஆனால் எடுத்ததோடு முடிந்துவிட்டது என்று பெற்றோர் நினைக்கக்கூடாது. வெந்த சுவர் நாட்கணக்கில் உதிரும். மூச்சுக்குழாய்க்குள் ஓட்டை விழலாம், பெருநாடிக்குள் விழலாம். வீட்டுக்குப் போன சில வாரங்களுக்குப் பிறகும் இரத்தம் வந்த குழந்தைகள் உண்டு. சிறிது இரத்த வாந்தி, அல்லது கறுப்பு மலம், பிறகு சில மணித்தியால அமைதி, பிறகு பெரும் இரத்தப்போக்கு என்று போகும். அந்த அமைதியை நம்பக்கூடாது. ஒரு தேக்கரண்டி இரத்தம் கண்டாலும் அன்றே, அந்த நேரமே.

மீன்முள் பெருநாடிக்குள் துளைத்தாலும் இதே வரிசைதான்: நெஞ்சுவலி, சிறு இரத்தம், அமைதி, பிறகு பெருவெள்ளம்.

#17 தம்பலகாமம்

மற்றவை சுருக்கமாக, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

நாணயம்: குழந்தை சௌகரியமாக, எச்சில் வடியாமல், மூச்சு இழுப்பில்லாமல் இருந்தால் 12 முதல் 24 மணித்தியாலம் பார்க்கலாம், ஏறத்தாழ நாலில் ஒன்று தானாக இறங்கும், களத்தின் அடியில் நின்றது இன்னும் அதிகம். மயக்கம் கொடுக்குமுன் மறுபடி ஒரு படம்.

கட்டுப்பல்: பிளாஸ்டிக் தட்டு படத்தில் தெரியாது, கம்பி மட்டும்தான் தெரியும். கம்பியில்லாத தட்டு என்றால் ஒன்றுமே தெரியாது. இரவில் கழற்றிவைத்தது காலையில் காணவில்லை, தொண்டை வலிக்கிறது என்றால் அதுதான்.

குளிசை: அட்டையில் இருந்து பிரிக்காமல் தனித்தனியாக வெட்டி வைத்ததை முதியவர்கள் அப்படியே விழுங்கிவிடுகிறார்கள். மூலை பிளேட் போல வெட்டும், எக்ஸ்ரேயில் தெரியாது. மருந்துக் கடையிலும் வீட்டிலும் அட்டையை ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுக்கவேண்டாம் என்று கையேட்டில் சேருங்கள்.

#18 எண்டோதாதி

சரியாக இருக்கிறது. எடுத்த பிறகு செய்யவேண்டியதையும் சேருங்கள். சுவரில் கீறல் இல்லாவிட்டால் தொண்டை மரப்பு விட்டதும் தண்ணீர், பிறகு ஆறின கஞ்சி. கீறல் இருந்தால் வோர்டில் வைத்து நாடி, காய்ச்சல், கழுத்துத் தோல் மூன்றையும் பார்ப்போம். காற்று தட்டுப்பட்டால், அல்லது நெஞ்சுவலி ஏறினால் வாயால் எதுவும் இல்லை, நாளத்தில் அன்ரிபயோற்றிக், சி.டி., சத்திரசிகிச்சை நிபுணருக்கு அழைப்பு. வீட்டுக்குப் போனவர்களும் ஒரு நாள் முழுக்க இதைக் கவனிக்கவேண்டும்.

#19 மூதூர்க்கரை

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. புல்மோட்டையில் இருந்தோ ஈச்சிலம்பற்றில் இருந்தோ கிளம்புகிறவர் போன் எடுத்தால் என்ன சொல்லவேண்டும்? ஆதார வைத்தியசாலையில் இருந்து மாற்றி அனுப்புகிறவர்களுக்கும் அது உதவும்.

#20 தம்பலகாமம்

ஐந்து விடயம், இந்த ஒழுங்கில். என்ன பொருள், கூரா பற்றரியா. எத்தனை மணிக்கு விழுங்கினார். எச்சில் இறங்குகிறதா. மூச்சு எப்படி. கடைசியாக எப்போது சாப்பிட்டார். பற்றரி என்றால் அதே சாமானையும், இருந்தால் சோடிப் பற்றரியையும், வந்த பெட்டியையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

மாற்றி அனுப்புகிறவர் அம்புலன்ஸ் கிளம்பமுன் பெற்றுக்கொள்ளும் வைத்தியசாலையோடு பேசி, எண்டோஸ்கோபியும் மயக்க மருந்தும் அந்த நேரத்தில் கிடைக்குமா என்று கேட்கவேண்டும். கிடைக்காதென்றால் அடுத்த இடத்துக்கு நேரே போகவேண்டும், வாசல் வாசலாக இறங்கி ஏறக்கூடாது. திருகோணமலையில் இருந்து அநுராதபுரம் நூறு கிலோமீற்றருக்கு மேல், கொழும்பு 250 க்கு மேல். களத்தில் பற்றரியோடு இருக்கிற குழந்தைக்கு அந்தக் கணக்கை முதல் பத்து நிமிடத்திலேயே பார்த்துவிடவேண்டும்.

#21 மயக்கமருந்து

படத்தின் பிரதியும் கூடவே போகட்டும், போனில் எடுத்த படமாக இருந்தாலும் பரவாயில்லை. வழியில் ஒரு பெரியவர் குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்திருக்கவேண்டும்; மல்லாத்திப் படுக்கவைத்தால் தேங்கிய எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போகும். எச்சிலைத் துடைக்க ஒரு துவாய், துப்ப ஒரு பை.